கண் திறந்த வாத்துகள்

ஜனவரி 28
மகன் தினகரன் கியாக்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளையை வேறு எங்கே அனுப்புவது? அங்கே ஊ செல்லையா (பெரியவர்களை இந்த நாட்டில் 'ஊ' சேர்த்துத்தான் சொல்வோம்) வெள்ளக்காட்டில் வலை விரித்துக் காட்டு வாத்து பிடிப்பவர். அவரிடம் கூலியாள் என்று ஒளிந்திருக்கிறான். அவர் போனில் சொன்னார்:
"வாத்து விழுந்தாத்தான் கூலியாளுன்னு ஊர் நம்பும், மேஸ்திரி. சீசன் கடைசி, எல்லாம் உஷாராயிடுச்சு. நல்ல பொய் வாத்தா செஞ்சு அனுப்புங்க, மிதக்கவிட்டா அதை நம்பி நிஜ வாத்து இறங்கும்."
சாமி சிலை செய்கிறவனுக்கு வாத்து ஒரு பிரமாதமா!

பிப்ரவரி 2
பழைய மீன்பெட்டித் தெர்மாகோலில் செதுக்கினேன். கழுத்து நிமிர்ந்து, எனாமல் பளபளக்க. கோயில் வேலை மாதிரியே கண்ணைக் கடைசியில் திறந்தேன், அகலமாக. "இதுக்குக் கற்பூரம் காட்டணுமா?" என்றாள் மனைவி கனகாம்பாள். வாத்துகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பிப்ரவரி 6
ஒன்றுகூட இறங்கவில்லையாம். எனக்கு மொஹிங்கா மீன்சாற்று நூடுல்ஸும் இறங்கவில்லை.

பிப்ரவரி 7
தினகரன் போன் செய்தான். "அப்பா, கழுத்தைத் தூக்கி முழிச்சிக்கிட்டிருந்தா அது பயந்த வாத்துப்பா. மேல பறக்கறதுங்க அதைப் பாத்துட்டு ஓடிப்போகுது. தூங்கற மாதிரி செய்ங்க. மினுமினுப்பு வேணாம்."
பக்கத்து வயல்காரன் "இந்தப் பையன் யாரு?" என்று கேட்டானாம். ஐயோ — என் கைவேலையே பிள்ளையைக் காட்டிக்கொடுக்குமா? மடையன்டா நீ, மடையன்.

பிப்ரவரி 9
தலையை முதுகுச் சிறகுக்குள் புதைத்துச் செதுக்கினேன். எனாமல் இல்லை, அடுப்புக்கரியும் சேறும். கண்ணே வைக்கவில்லை. கண் திறக்காத உருவம் பட்டறையை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கனகாம்பாள் முகம் சுண்டிவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்; சாமி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

பிப்ரவரி 13
அவனிடமிருந்து போன் இல்லை. பசுந்தாங் சந்தைவரை போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். உட்கார முடியவில்லை. ஏன் எடுக்க மாட்டேன் என்கிறான்?

பிப்ரவரி 14
பேசினான்.
நேற்று படைக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்களாம். இவன் தண்ணீர் நடுவே, மேலே வைக்கோலும் கோரையும் போர்த்தி, வலைக்கயிற்றைப் பிடித்துப் படுத்திருக்கிறான். அப்போதுதான் ஒரு வாத்துக் கூட்டம் இறங்கி அவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வந்தவர்கள் தூரத்து வரப்பில் நின்று பார்த்தார்களாம். "வாத்து இப்படி உக்காந்திருக்கு, அங்க எவன் இருப்பான்?" என்று ஒருவன் சொன்னது தண்ணீர் மேல் மிதந்து வந்து இவன் காதில் விழுந்திருக்கிறது. போய்விட்டார்கள்.
ஊ செல்லையாவுக்குத்தான் கோபம். "அவ்வளவு வாத்து! அவங்க போனப்புறமாவது ஏன்டா கயித்தை இழுக்கல?"
"எப்படிப்பா இழுக்கறது?" என்று என்னிடம் கேட்கிறான்.