குளிக்காமல் ஏறும் மலை

மியூனிக்கில் இருக்கும் அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு, அம்மா தங்கச்செல்வியும் அப்பா அருஞ்சுனையும் சொல்லச் சொல்ல, தம்பி அருண்பாண்டியன் எழுதுவது.

அருப்புக்கோட்டை நகரப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு மிக்ஸி வியாழக்கிழமை காலை, தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்கும்போதே காலமானது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம், உன் நலம்தான் இத்தாலி மலையில் கம்பியைப் பிடித்துத் தொங்கப் போகிறது என்கிறாள் அம்மா. போனில் பேசினால் நெட் போய்த் திட்டு பாதியில் அறுந்துவிடுகிறதாம், ஒரு சொல் குறையாமல் உன்னிடம் வந்து சேரட்டும் என்றுதான் பருப்புப் பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

ஆகஸ்டில் போகும் அந்தப் பயணத்துக்கு நீ சம்மதம் கேட்டாய், வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்றும் சொன்னாய். பாறையில் அடித்து வைத்த இரும்புக் கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டி மாட்டி ஏற வேண்டும், சாயங்காலம் ஒரு குடிலில் படுக்க வேண்டும், விடிந்ததும் அடுத்த குடில், இப்படி நாலு நாள் என்று நான் விளக்கினேன். நீ குடில் குடிலாகப் போவதைக் கேட்டு அம்மாவுக்குக் குடல் குடலாகப் புரட்டிக்கொண்டு வந்தது. அதற்குமேல் நீ குடிலின் போட்டோவை வேறு அனுப்பினாய், வினையே அதுதான். ஒரே பலகையில் ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் படுக்கை, யார் யாரோ போர்த்திய கம்பளி, வாசலில் வந்தவன் போனவன் எல்லாம் மாட்டிக்கொள்ளப் பொதுச் செருப்பு. ஊரான் கால் வேர்வையில எம்புள்ள கால விடுவாளா என்று அம்மா அன்று இட்லியைத் தள்ளி வைத்துவிட்டாள். அடுப்புக்கு மேலே ஈரச் சாக்ஸ் தொங்க, கீழே சூப்பு கொதிக்கிறது, எது எதில் சொட்டுகிறது என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து எனக்கே ஓங்கரித்தது. மேல் குடிலில் தண்ணீர் குறைவு, குளியல் கிடையாது என்று நீ சொன்னதைத்தான் அப்பாவால் தாங்கவே முடியவில்லை. எட்டு நாளைக்கு ஒருக்கா குழாயில தண்ணி வர்ற ஊர்ல நாம தெனம் குளிக்கோம், ஐஸு மலையில தண்ணி இல்லையாம்ல, நாத்தம் புடிச்ச பயலுக என்றார். சதுரகிரி ஏறுனா சாமியப் பாக்கலாம், அங்க ஏறி யாரப் பாக்கப் போறா என்றும் கேட்டார். வியூ பார்ப்பார்கள் என்றேன். திருச்சுழி ரோட்டில தலைய நீட்டுனா மதுரை வரைக்கும் வெட்டவெளிதான், இதுக்குக் குளிக்காம வேற போகணுமாக்கும் என்று துண்டை உதறிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான், கொக்கி மாட்டி ஏறினால் விழ மாட்டார்கள் என்று அம்மாவுக்குக் காட்ட, உன் தம்பி களத்தில் இறங்கினான். நம் கடையில் லாரி லோடு கட்ட விற்கும் கயிற்றில் இரண்டு துண்டும் இரண்டு கொக்கியும் எடுத்து பெல்ட்டில் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பரளச்சித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே நம் கிணற்றின் இரும்புப் படியில் கொக்கியை மாட்டி மாட்டி, பல்லி மாதிரி அடிவரை இறங்கிப் பல்லைக் காட்டிக்கொண்டே ஏறி வந்தேன். புறா எச்சம், பாசி, செத்த எலியின் வாடை எதற்கும் அசரவில்லை. அதைப் பார்த்துத்தான் அம்மாவின் மனம் மாறியது. அப்பாவும், உங்க அம்மா சொன்னா சரி என்றுவிட்டார்.

ஆகவே நீ போய்வரலாம். சொந்தப் போர்வை, சொந்தச் செருப்பு இல்லாமல் கிளம்பக் கூடாது. மழை மேகம் கண்டால் கம்பியைத் தொடாதே, இடி இரும்பைத்தான் தேடும் என்கிறார் அப்பா. திருச்சுழி துணைமாலையம்மனுக்கு அம்மா காசு முடிந்து வைத்திருக்கிறாள், லீவுக்கு வரும்போது நீயே கொண்டுபோய்ப் போட வேண்டும். இறங்கியதும், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், நல்லாத் தேய்த்துத் தலைக்குக் குளி. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா

பின்குறிப்பு: எழுதியதை அம்மா வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, கெணத்துல நடந்தத நடந்தபடி எழுதுலே என்கிறாள். அக்கா, நான் அடிவரை போகவில்லை. மூன்றாவது படியில் ஒரு புறா படபடவென்று பறந்தது, கண்ணை மூடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், மூக்கு ஒழுகியது. அம்மாதான் சேலையைச் சொருகிக்கொண்டு என்னைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒண்ண மாட்டிட்டு ஒண்ணக் கழட்டு, ஒண்ண மாட்டிட்டு ஒண்ணக் கழட்டு என்று என் கொக்கிகளை அவளே மாற்றி மாற்றி மாட்டி, பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றினாள். ஏறி வந்ததும் கையில் அப்பிய எச்சத்தை என் சட்டையில் துடைத்துவிட்டுச் சொன்னாள்: இந்தப் பயலே விழல, அவ எங்க விழப் போறா, போயிட்டு வரட்டும்.