திறந்தவள் மூடினாளா?

பிரிஞ்சாங்,
16.7.1986

அன்பு மகள் அம்சவல்லிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போன வாரம்தான் மலையேறி வந்தோம். சினைப்பையில் புற்றுநோய் என்கிறார் டாக்டர். நீ லண்டனில் எலிகளை வைத்து ஆராய்கிறாயே, அதே நோய். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

பங்குனியிலேயே அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. கடைக்குச் சாமான் வாங்க வரும் எஸ்டேட் பெண்கள் அதைப் பிள்ளை வயிறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். லயத்துச் செல்லம் ஆள் நிறைந்த கடையில் நின்றுகொண்டு, “பேரன் எடுக்கிற வயசுல மகனா தவுக்கே? லட்டு எப்போ லா?” என்று கடை முதலாளியான என்னைப் பார்த்துக் கத்தினாள். நானும் பாதி நம்பி, மலையடியில் தாப்பா ஊருக்குப் போன லாரியில் மாங்காய் ஏற்றி வரச் சொன்னேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உப்புத் தொட்டு அதைத் தின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வெட்கம் இல்லை மகளே. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு நீ எழுதினாயே, முடியில்லாத எலிகள், நோயை எதிர்க்கிற சக்தி இல்லாத இனம், ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்களை அவற்றின் வயிற்றில் ஊசியால் செலுத்துகிறோம் என்று. அந்த அணுக்கள் வயிற்று நீரில் மிதந்து போய், குடலைப் போர்த்திய கொழுப்புத் திரையில் ஒட்டி, நாற்றங்காலில் தூவிய கோசு விதை மாதிரி முளைக்கின்றன, வயிறு வீங்குகிறது, பிறகு திறந்து பார்க்கிறோம் என்று. நான்தான் அதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு ஒரு வரி மறக்கவில்லை. ஈப்போவில் டாக்டர் வாய் திறக்கும் முன்னே, “என் மக எலிக்கு வச்ச நோவுதான் எனக்கும்” என்றாள். வயிற்றிலிருந்து ஒரு வாளி நீர் இறக்கினார்கள்.

இப்போது சிக்கல் இதுதான். ஆபரேஷன் செய்து முடிந்த மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு மருந்து ஏற்றலாம் என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் முதல் வாரம் கட்டில் ஒதுக்கியிருக்கிறார். இவள் சம்மதத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டதற்கு, “எலி வயித்தத் திறந்து பாத்தேன்னு எழுதினாளே, தெச்சு மூடினேன்னு எழுதலையே. அந்த எலிங்க என்ன ஆச்சு?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

எல்லாம் தெரிந்த மாதிரி, எலியைத் திறப்பது பார்க்க, மனுஷியைத் திறப்பது எடுக்க, இரண்டும் ஒன்றா என்றேன். “கேட்டு எழுதுங்க” என்றாள். சரி, பதில் வந்ததும் படித்துக் காட்டுகிறேன் என்றால், “நீங்க வேணாம். நீங்க அழுகின கோச நல்ல கோசுன்னு படிப்பீங்க. பக்கத்து சாப்பாட்டுக்கடை மைமூன் படிக்கட்டும்” என்கிறாள். இத்தனை வருஷம் என்னோடு கடை நடத்தியவள், என்னை நன்றாகத்தான் எடை போட்டு வைத்திருக்கிறாள்.

லாரிகளை டிரைவர் கந்தனிடம் விட்டுவிட்டேன். மழையில் ரிங்லெட் பக்கம் மண் சரிந்து, கோலா தெர்லா தோட்டத்துக் காய்கறி பாதி வழியில் நிற்கிறது. அவன் பார்த்துக்கொள்வான். நான் இவள் பக்கத்திலேயே இருக்கிறேன். மூன்று நாளாக மறுபடியும் வயிறு ஏறுகிறது. கஞ்சி நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஈப்போவில் அவளை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் தனியாகப் பேசினார். அதை இங்கே எழுத மாட்டேன். உன் படிப்புக்கு அது தெரியாமல் இராது.

வேலை நடுவில் இருக்கிறது, ஒரு நாள் விட்டாலும் எலிகள் வீணாகிவிடும் என்று போன மாதம் எழுதியிருந்தாய். என் மகள் வேலையைக் குறைவாக நினைப்பவன் நான் இல்லை. ஆனால் அந்த எலிகள் பிழைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ உண்மையை எழுதினால், மைமூன் படிக்கும்போது அந்த ஒரு வரிதான் இவள் காதில் விழும், மீதி விழாது. பொய் எழுதச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. போனிலும் வேண்டாம், உன் குரல் உடைந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் பதில் எழுதாதே அம்மா. எலிகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் புறப்படு. உனக்கு நல்ல ஆயுசும் கெட்டி மனசும் கடவுள் கொடுக்கட்டும். ஈப்போவில் இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து, “உன்னை மூடுவாங்கம்மா, நான் பார்த்துக்கிட்டு இருப்பேன்” என்று நீ சொல்ல வேண்டும். நீ சொன்னால் கைநாட்டுக்கு விரலை நீட்டுவாள்.

உன் அப்பா,
தங்கையா