இடது கால் செருப்பு

சதுரங்கப்பட்டினம்,
27-7-1977

அன்புள்ள மாப்பிள்ளை மோசஸ் அவர்களுக்கு, மாமனார் ஏசுபாதம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நிழலில் நின்றாலும் சுடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மோர் கிடைத்தால் விடாமல் குடிக்கவும்.

ஜெசிந்தாவுக்குப் பதினோராம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஒன்பது வயதில் ஸ்டவ் வெடித்து இடது தாடையிலிருந்து கழுத்து வரை சுருங்கிப்போயிருந்ததே, அந்தத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் இருந்துவிட்டு நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தாள். இது அவளாக எடுத்த முடிவு, யாரும் தூண்டவில்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு பதினாலாம் தேதிக்கு நீங்கள் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருப்பதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு விமானம் கூடாது என்றார். மேலே போகும்போது காற்றழுத்தம் குறையுமாம், ஒட்டிய இடம் வீங்குமாம். அதைவிடப் பெரிய பயம் காலில்தான் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் சீக்கிரம் உறையும். பல மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் கெண்டைக்காலில் கட்டி விழுந்து, அது மேலேறி நெஞ்சை அடைத்துவிடும் என்று சொன்னார். பம்பாயில் எட்டு மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் மாற வேண்டும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தினமும் வீட்டுக்குள் நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

எனக்குத் தெரிந்த வண்டி தரையில் ஓடுவது. கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸை எட்டு வருஷமாக ஓட்டுகிறேன், மேலே பறக்கும் சங்கதி எனக்கு எட்டாது. படித்தவர் சொல்வதைக் கேட்டு நடப்போம் என்று தோன்றுகிறது. டிக்கெட்டை செப்டம்பருக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்து, உடனே பதில் போடவும்.

உங்கள் அத்தை சாராள் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நீங்கள் அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. ஜெசிந்தா அதைப் பெட்டியோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

இப்படிக்கு, பதிலை எதிர்பார்த்திருக்கும்
ஏ. ஏசுபாதம்


செங்கல்பட்டு,
19-8-1977

மாப்பிள்ளை மோசஸ் அவர்களுக்கு, ஏசுபாதம் எழுதிக்கொள்வது. பதினைந்தாம் தேதி காலை விமான நிலையத்தில் நின்று ஏமாந்திருப்பீர்கள். பதிமூன்றாம் தேதி நான் கொடுத்த தந்தி உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. ஜெசிந்தா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் பதறாமல் படிக்கலாம்.

உங்கள் தந்தி ஏழாம் தேதி வந்தது. விசா இருபதாம் தேதியோடு முடிகிறது, அறை பிடித்தாயிற்று, தேதி மாற்ற முடியாது, அனுப்பி வையுங்கள் என்று போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் யாரும் டாக்டரம்மாவின் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. விசா போய்விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ, அதற்குள் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்ற பயம்தான் எனக்கு இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

தேதிக்குள் புண் ஆறிவிட வேண்டும் என்று நாங்கள் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சாராள் பத்தியம் வைத்தாள். மீன் கிடையாது, கத்தரிக்காய் கிடையாது. தண்ணீர் குடித்தால் புண்ணில் நீர் கோக்கும் என்று நாளுக்கு இரண்டு டம்ளர். பிள்ளை எழுந்தால், "நடந்தா தொடப் புண்ணு பிரிஞ்சிக்கும்டி, கம்முனு படுத்துகினு கெட" என்று படுக்க வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பூவாயியும் வந்து, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் துணி மடித்து முழங்காலுக்கு அடியில் அண்டை கொடுத்துவிட்டுப் போவாள். இங்கே உடம்பு அறுத்து வந்தவர்களை இப்படித்தான் வைத்திருப்போம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சாராளை நீங்கள் கோபிக்கக் கூடாது, அவள் சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகிறது.

எனக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். கல்பாக்கத்திலிருந்து பட்டணம் போய்த் திரும்பினால் எனக்கே கால் கட்டையாகிவிடும், இறங்கி பஸ்ஸைச் சுற்றி நாலு சுற்று நடந்த பிறகுதான் டீ குடிப்பேன். அது என் கால். பெண்ணின் காலுக்கு அந்த நியாயத்தை நான் யோசிக்கவில்லை. சாராள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டினோம். போட்டுக்கொண்டு போக வேண்டிய செருப்பை ஒருமுறை போட்டுப் பார் என்றேன். வலது கால் சரியாகப் போயிற்று. இடது கால் போகவில்லை. வாரை நான் இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. செருப்பு சின்னதாக வந்துவிட்டது போலிருக்கிறது என்று சாராள் சொன்னாள். ஒரே ஜோடியில் ஒன்று மட்டும் எப்படிச் சின்னதாக வரும்? புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். அதட்டினேன். முழங்கால் வரைக்கும் பளபளவென்று வீங்கிக் கிடந்தது. தொட்டால் சூடு. மூன்று நாளாக இருக்கிறதாம். எங்களிடம் சொன்னால் அனுப்ப மாட்டோம் என்று புடவையைத் தழையக் கட்டி மறைத்திருக்கிறாள்.

கல்பாக்கம் எஞ்சினியரிடம் சொல்லி ஸ்டாஃப் பஸ்ஸிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டினோம். பிறகு, "நைனா, ஊசி போட்டுகினு போவலாம், ஒரு நாளுதான பிரயாணம்" என்றாள். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, இந்தக் காலோடு விமானத்தில் உட்கார்ந்திருந்தால் குவைத்தில் இவளை உட்கார்ந்தபடியே பிணமாக இறக்கியிருப்பார்கள் என்று சொன்னார். அவர் அப்படித்தான் பேசுகிறவர். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்பு நடக்கச் சொன்னார்கள், நாங்கள் படுக்க வைத்தோம். இப்போது காலை உயர்த்திப் படுக்கச் சொல்கிறார்கள், அவள் எழுந்து நடக்கிறேன் என்கிறாள். வீக்கம் பாதி வற்றியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் இங்கேதான். பிறகும் மூன்று மாதத்துக்குப் பிரயாணம் கிடையாது.

விசா போய்விட்டது. டிக்கெட்டும் போய்விட்டது. உங்களைக் கேட்காமல் நிறுத்தினேன், அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் கடிதத்தில், இது அவளாக எடுத்த முடிவு என்று அவள் சொன்னபடி எழுதினேன். நேற்று அவளே மீதியைச் சொன்னாள். கல்யாணமான மறுநாள் செங்கல்பட்டு ஸ்டுடியோவில் படம் எடுக்கப் போனீர்கள் அல்லவா? பொண்ணு கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பி உட்காரட்டும், தழும்பு தெரியாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். நீங்கள் தலையாட்டினீர்களாம். அவ்வளவுதான். நீங்கள் அதை மறந்துகூட இருப்பீர்கள். நீங்கள் கெட்டவர் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நானும்தான் சாராளுக்குத் தலையாட்டினேன். ஆனால் அந்தத் தலையாட்டலுக்காக ஒரு பெண் தொடைத் தோலை உரித்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு, வீங்கிய காலை மறைத்துக்கொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று விமானம் ஏறப் பார்த்தாள்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடவும். விசாவைப் பற்றி வேண்டாம். முகம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டு ஒரு வரிகூட வேண்டாம், அதை அவளே ஒரு நாள் சொல்லட்டும். இடது காலுக்குச் செருப்பு போகிறதா என்று மட்டும் கேளுங்கள் மாப்பிள்ளை.

கர்த்தர் உங்களை அங்கே நல்ல சுகத்தோடு வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
ஜெசிந்தாவின் தகப்பன்
ஏ. ஏசுபாதம்