சுவரில் ஒட்டிய குழாய்

மார்ச் 25

தலைமைப் பண்பு கற்கப் போயிருக்கும் எங்கள் தலைவிக்கு,

உன் குட்டிச்சாத்தான் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீ போன மறுநாளே குக்கர் அடிப்பிடித்தது. அதுவும் இப்போது நலம்.

செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வீட்டுக்குக் கையால் கடிதம் எழுதுங்கள், மனம் விரியும்" என்று சொல்கிற முகாமை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் பள்ளியில் பிடுங்கினால் அதற்குப் பெயர் தண்டனை. உங்களுக்கு மட்டும் பயிற்சி. பெரியவர்கள் என்றால் தண்டனைக்குக்கூடச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

நீ இல்லாவிட்டாலும் நம் தண்ணீர் அமைப்பின் திங்கட்கிழமை வழக்கம் நிற்கவில்லை. பொருளாளர் மாமா எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, லாரித் தொட்டியில் நீ எழுதி வைத்த வாசகத்தைச் சொல்ல வைத்தார். "ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர்!" அப்பா வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்தார். தினமும் லாரி ஓட்டி, அந்த வாசகத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவர் அவர். வாயாலும் சுமக்க வேண்டுமா என்ன?

உன் ஐந்தாண்டுத் திட்டப் படம் அலுவலகச் சுவரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வரப்போகிற பத்து லாரிகளில் ஒன்றுக்கு மட்டும் மீசை முளைத்திருக்கிறது. விசாரணை நடக்கிறது. விசாரணைக் குழுவில் நானும் இருக்கிறேன்.

அப்புறம், ஏப்ரல் முதல் தேதி வருகிறது. அப்பாவுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். தொலைநோக்கு இல்லாமல் எதிலும் இறங்காதே என்று நீதானே சொல்வாய்? என் தொலைநோக்கு: அப்பா வாயைப் பிளந்து நிற்க வேண்டும். வியூகம்: ரகசியம். மூலதனம்: நல்ல பசை.

இப்படிக்கு,
உன் வீட்டு எதிர்க்கட்சித் தலைவி


மார்ச் 28

என் வாலுக்கு,

ஆயிரம் முத்தம். மீசையைப் பற்றி எழுதத் தெரிந்த கைக்கு, அப்பா இரத்த அழுத்த மாத்திரை போடுகிறாரா என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று எழுதினால் அதற்கும் ஒரு ஜோக் அடிப்பாய். போகட்டும்.

இங்கே எல்லோரும் என்னைப் போலத்தான். ஒருவர் இலவச மருத்துவமனை நடத்துகிறார். ஒருத்தி தெருநாய்களுக்குக் காப்பகம். நேற்று பயிற்சியாளர் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் அமைப்பு எப்படி இருக்கும், பாருங்கள் என்றார். நான் பார்த்தேனடி! லாரி, லாரி, லாரி. வரிசையாக மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கண் நிறைந்துவிட்டது.

முகாமில் சிறந்த தொலைநோக்குக்குப் பரிசு உண்டு. என் பேர் அடிபடுகிறது. கிடைத்தால் அந்தப் பத்து லாரியும் சுவரை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்துவிடும்.

உனக்கு நினைவிருக்காது. நாம் அந்தத் தெருவில் குடியிருந்தபோது, இந்த இடுப்பில் நீ, அந்த இடுப்பில் குடம் என்று மேடு ஏறினவள் நான். வழுக்கியபோதெல்லாம் குடத்தைத்தான் போட்டேன், உன்னைப் போடவில்லை. சில நாள் அது தப்புக் கணக்கோ என்று தோன்றும்.

குறும்பு செய். ஆனால் வீட்டுக்குள் செய். மேட்டுத் தெருவில் மட்டும் வேண்டாம். அந்த மக்கள் என் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று மாலைதான் கிடைத்தது. காலையிலேயே கிடைத்திருக்கலாம்.

நான் செய்தது இதுதான். மேட்டுத் தெருவில் லாரி வந்து நிற்கும் வளைவில் ஒரு மொட்டைச் சுவர் இருக்கிறதே, அதில் பளபளவென்று ஒரு புதுக் குழாயை ஒட்டி வைத்தேன். பின்னால் பைப் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெறும் சுவர், வெறும் பசை. அப்பா லாரியில் வருவார், குழாயைப் பார்ப்பார், வாயைப் பிளப்பார், நான் சிரிப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

லாரி பஞ்சர். தாமதமாகிவிட்டது. முதலில் வந்தது தையல்காரம்மா. குழாயைப் பார்த்தவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. யாரும் அதைத் தொடவில்லை அம்மா. திருகிக்கூடப் பார்க்கவில்லை. யாராவது வந்து திறந்து வைப்பார்கள் என்று வரிசையில் நின்றார்கள். ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தலைவியம்மா பொண்ணுதானே? சொன்னபடியே கொண்டாந்துட்டாங்களே உங்கம்மா! எனக்கு முன்னாடியே தெரியும், அவங்க விடமாட்டாங்கன்னு."

ஏப்ரல் ஃபூல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழாய்க்குத் தடவிய பசையை யாரோ என் நாக்கிலும் தடவிய மாதிரி இருந்தது.

அப்பா வந்தார். இரண்டு நீளம், ஒரு குட்டை என்று ஹாரன் அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை. இறங்கி வந்து குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயெல்லாம் பிளக்கவில்லை. "மன்னிச்சிடுங்க, சின்னப் பொண்ணு விளையாட்டு" என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் தண்ணீர் அலுவலக இன்ஜினியர். கூட்டத்தில் யாரோ அவருக்கு நன்றி சொல்லிப் போன் செய்திருக்கிறார்கள்! அவர் ஒன்றும் புரியாமல் வந்திருக்கிறார்.

"யாருய்யா இதை வச்சது? மூணு வருஷம் முன்னாடி நாங்க போட வந்தப்ப வேணாம்னுட்டு, இப்ப நீங்களே வச்சுக்கிறீங்களா?"

"யாரு வேணாம்னது?" என்றார் தையல்காரம்மா.

"உங்க தலைவியம்மாதான். பைப் எல்லாம் வந்து இறங்கிடுச்சு. நேர்ல வந்தாங்க. 'எங்க லாரி போகுது, மேட்டுத் தெருவுக்கு அவசரமில்ல, வேற இடத்துக்குப் போடுங்க'ன்னாங்க. எவ்வளவு பெரிய மனசுன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"வேற இடம்னா?"

"கீழ அந்த அடுக்குமாடிக்கு. நீச்சல்குளம் இருக்கே, அது."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா லாரியின் ஹோஸை இழுத்து ஒவ்வொரு குடமாக நிரப்பினார். தையல்காரம்மா மட்டும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா, அந்த ஆள் பொய்தானே சொல்கிறார்? வேறு யாரையோ நீ என்று நினைத்துவிட்டார்தானே? எனக்கு ஒரு வரி போதும்.

உன் மகள்


ஏப்ரல் 6

மகளுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களிடம் போய்த் தண்ணீரை வைத்தா விளையாடுவாய்? தெருவில் வேண்டாம் என்று எழுதினேன். எழுதி என்ன, அது போய்ச் சேருவதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவருக்கு முழுதும் தெரியாது. அந்த வாரம்தான் நம் புது லாரி வந்திருந்தது. வாங்கிக் கொடுத்த நன்கொடையாளர், லாரி மேடு ஏறுவதை நேரில் பார்க்க வருவதாக இருந்தார். அந்தச் சமயத்தில் தெருவில் பைப் பள்ளம் தோண்டினால் அவருக்கு எதைக் காட்டுவேன்? அவர் கைவிட்டால் மற்றத் தெருக்களுக்கு யார் தண்ணீர் கொடுப்பது? வேலை செய்கிற அத்தனை பேர் குடும்பமும் எங்கே போகும்? உங்கப்பா எங்கே போவார்? ஆறு மாதம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பைப்பை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வராது என்று அப்போது தோன்றவில்லை. அப்புறம் தெரிந்தபோது சொல்ல வாய் வரவில்லை.

அமைப்பு நிலைத்தால்தான் சேவை நிலைக்கும். ஒன்றைக் காப்பாற்ற ஒன்றைத் தள்ளிப்போடுவதற்குப் பெயர் வியூகம். தலைமை என்றால் எல்லோருக்கும் நல்லவளாக இருப்பதில்லை. ஒரு நாள் உனக்கும் புரியும்.

அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிடு. யாரிடமும் எதுவும் பேசாதே. நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 10

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே ஜோக் வராத முதல் கடிதம் இதுதான்.

குடை விற்கிறவன் மழை வரட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். நனைகிறவர்களுக்குக் குடை பிடிக்க வந்தவர்கள் வேண்டிக்கொள்ளலாமா? தொலைநோக்கு என்றால் தொலைவில் இருப்பதைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருப்பதைத் தொலைப்பதும் அதில் சேர்த்தியா?

அப்பாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. படித்துவிட்டு, "எனக்காகவும்தான்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடித்துக் கொடுத்துவிட்டுப் போய் லாரியைக் கழுவினார். காலையில் கழுவிய லாரி அம்மா.

திங்கட்கிழமை மாமா வழக்கம்போல எழுந்து, "ம், சொல்லுங்க" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். அப்போது ஒரு குரல் வந்தது. நான் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா! இத்தனை வருஷம் உதட்டை மட்டும் அசைத்தவர், சத்தமாகச் சொன்னார்.

"ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர். இதுல லாரின்னு எங்கயும் எழுதலையே."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கும் தண்ணீர் கொண்டுபோகத்தானே வேண்டும்?

குழாயைப் பிடுங்கக் குறடோடு போனேன். தையல்காரம்மா வாசலுக்கு வந்து, "விடு பாப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். என்னைத் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. உன்னைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் பார்த்தவுடனே "அம்மா சாப்பிட்டாங்களா"தானே?

இப்போது அந்த வழியாகப் போகிற எல்லோரும் குழாயை ஒரு திருகு திருகிவிட்டுப் போகிறார்கள். வராது என்று தெரியும். தெரிந்தேதான் திருகுகிறார்கள்.

மீசை வரைந்தது நான்தான். மீதி லாரிகளுக்கு வரைய மனசு வரவில்லை.

உன் மகள்

(அப்பா மாத்திரை போடுகிறார். முன்பே எழுதியிருக்க வேண்டும்.)


ஏப்ரல் 17

என் கண்ணுக்கு,

பரிசு நாள் முந்தாநாள் முடிந்தது. மேடையேறினேன். நீ கேலி செய்வாயே, அந்த மைக் குரலில் நம் வாசகத்தைச் சொன்னேன். லாரிப் படத்தைக் காட்டினேன். நல்ல கைதட்டல்.

பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "உங்கள் கனவு நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எழுந்து என்ன செய்வீர்கள்?" மருத்துவமனைக்காரர் "தூங்குவேன் சார்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நாய்க்காரி "ஒரே ஒரு நாய் மட்டும் வளர்ப்பேன், எனக்கே எனக்கு" என்றாள்.

என் முறை வந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய். தெருவில் யாருமே இல்லை. யாரும் என்னைத் தேடவில்லை. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குத் திக்கென்றது. பயந்துபோனேன். அந்தப் பயத்தை எனக்கு முன்பே தெரியும். இன்ஜினியர் அறையில், பைப் வந்து இறங்கிவிட்டது என்று அவர் சொன்னபோது வந்த அதே பயம். நன்கொடையாளர், சம்பளம், உங்கப்பா என்று உனக்கு எழுதினேனே, அதெல்லாம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது இதுதான்.

பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். பரிசு அந்த நாய்க்காரிக்கு.

செல்போனைத் திருப்பிக் கொடுத்ததும் முதலில் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பைப்புக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். தெரு மக்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும், வரிசையில் கடைசி இடம்தான் என்கிறார். அந்தக் கையெழுத்தைக் கேட்டு அவர்கள் வாசலுக்கு நான்தான் போக வேண்டும். வேறு யாரையும் அனுப்பினால் அது இன்னொரு வியூகம் ஆகிவிடும்.

முகாம் முடிந்து அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் இறங்குகிறேன். வீட்டுக்கு வரவில்லை, நேராக மேட்டுத் தெருவுக்கு. என்ன பேசுவது என்று தெரியவில்லை. லாரி முழுக்க எழுதி வைத்தவளுக்கு இப்போது ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு நான் தலைவியாக இருப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அப்பா பஸ் நிலையத்துக்கு வருவாரா? அவரிடம் நீ கேட்டு எழுது.

அம்மா


ஏப்ரல் 20

அம்மா,

கேட்டேன். "வராம?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். லாரியில்தான் வருவார். தொட்டி நிறைய தண்ணீரோடு வருவதால் மெதுவாகத்தான் மேடு ஏறும், நீ அவசரப்படக் கூடாது.

தையல்காரம்மாவிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். துணியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வரட்டும். வந்து அந்தக் குழாயைத் திறந்து வைக்கட்டும்."

அதில் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் குடத்தோடு வந்து வரிசையில் நிற்பார்களாம். நீ திறக்க வேண்டுமாம். திறந்துவிட்டு, வராததைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் எதிரில் நிற்க வேண்டுமாம். அதற்கு அப்புறம்தான் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு.

நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஒட்டினவள் நான்தானே.

வா.

உன் மகள்