பாத்து, நாம் வார்த்த மூன்று திரி மெழுகுவர்த்தி

என் செல்லப் பாத்துவுக்கு,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் கழிந்துவிட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வருமென்று காது இன்னும் அதுபாட்டுக்குக் காத்திருக்கிறது. வீட்டு விசேஷத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காதே. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று என் மகள் லூர்து வந்திருந்தாள். அவள் கல்யாணத்து மெழுகுவர்த்தியைப் பற்றி மாமியார் இன்னும் பேசுகிறாராம். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்குக் கேட்டதா?

கைக்குழந்தையாக அவள் அம்மையில் கிடந்தபோது நான் நேர்ந்துகொண்டதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். பிழைத்துவிட்டால், கல்யாணத்தன்று கோயில் பீடத்தில் அவள் புஜத்தின் பருமனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று. கல்யாணம் கூடிவந்த வருஷம் பார்த்து யுத்தம். தென்காசிக் கடைகளில் விரல் பருமனுக்குக்கூட மெழுகுவர்த்தி இல்லை. நேர்ந்த கடன் நின்றுபோகுமே என்று அழுதுகொண்டிருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"கடையில இல்லேன்னா என்னட்டி? குத்தாலத்துல மலைத்தேன் விக்குதவங்ககிட்ட மெழுகு கிடைக்கும்லா. நாமளே வார்ப்போம்."

நம் இருவரில் ஒருத்திக்கும் அது தெரியாது. அதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டா?

சாரலில் நனைந்துகொண்டே போய் மெழுகு வாங்கி வந்தோம். மூங்கில் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே விளக்கெண்ணெய் தடவி, மறுபடி சேர்த்துக் கயிற்றால் கட்டினோம். கயிற்றை அவிழ்த்தால் மெழுகுவர்த்தி அலுங்காமல் வெளியே வரும் என்பது உன் யோசனை. உன் வீட்டுக்காரர் தறியிலிருந்து எடுத்த நூல்தான் திரி. வெந்நீருக்குள் சட்டியை இறக்கி மெழுகை உருக்கினோம். வீடு முழுக்கத் தேன் மணம்.

முதல் மெழுகுவர்த்தி பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஏற்றினால், நடுவில் குழி பறித்துக்கொண்டு இறங்கி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. நீ குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இவ்வளவு பெரிய உடம்புக்கு ஒத்தத் திரி எப்படிட்டி பத்தும்? மூணு போடு."

மூன்று போட்டோம். நெருக்கிப் போட்டுவிட்டோம். மூன்று சுடரும் ஒன்றாகி, தீப்பந்தம் போல எழுந்து, ஒரு பக்கமே வழிந்து கொட்டியது. கல்யாணமா, கோயிலைக் கொளுத்தப்போகிறீர்களா என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துவிட்டாய்.

அதையும் உருக்கினோம். இந்த முறை விரல் அகலம் இடைவெளி விட்டு, மூங்கிலின் அடிக்கணுவில் மூன்று துளை போட்டு, திரிகளைக் கோத்து, மேலே குறுக்குக் குச்சியில் இறுக்கிக் கட்டினோம். ஆறும்போது நடுவில் குழிந்தது. மேலும் மெழுகு ஊற்றி நிரப்பினோம். மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்தபோது, நீ சொன்னபடியே அலுங்காமல் வெளியே வந்தது.

கல்யாணத்தன்று சாரல் காற்று ஜன்னல் வழியே பீடம்வரை வந்தது. ஒரு சுடர் அணைந்தது. என் உயிரே போய்விட்டது. அடுத்த நொடி பக்கத்துச் சுடர் சாய்ந்து அதைப் பற்றவைத்தது. பூசை முடியும்வரை மூன்றும் நின்று எரிந்தன. எத்தனை வருஷத்துக் கடன் அது! வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அத்தை, "இதை எங்கன வாங்குனீக?" என்று கேட்டார். "பாத்து கடையில" என்றேன். வாசலில் வெள்ளைத் துப்பட்டிக்குள் நீ குலுங்கிக்கொண்டிருந்தாய்.

சொல்ல வேண்டிய விசேஷம் இனிமேல்தான். உன் இளைய மகள் சுலைகாவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு உம்மா இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவேன் என்று அழுதிருக்கிறாள். நான் அவள் புகுந்த வீட்டுக்கே போனேன். "ஏட்டி, நான் இருக்கேன்லா" என்றேன். மடியில் தலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு மீன் குழம்பு கேட்டாள்.

வலி எடுக்கும்போது அவள் கையைப் பிடித்திருப்பது நான்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் நான்தான். யார் சாயல் என்று முதலில் உனக்கே சொல்லுகிறேன், சத்தியமாக.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
சவேரியாள்