பஞ்சுத் தூசியின் முதல் கேசட்

1989 ஜூன் 4

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கேசட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். அட்டையில் சோலைராஜின் கோணல் எழுத்தில் 'பஞ்சுத் தூசி'. அதுதான் எங்கள் இசைக்குழுவின் பேர். கிடார் சத்தியநேசன். டிரம்ஸ் சோலைராஜ். கத்துவது நான். பாடுவது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சத்தியநேசன் விடமாட்டான். "ஏட்டி அருள், நீ பாடிறாத. பாடுனா கெட்டுப்போகும். கத்து" என்பான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் கொண்டுவந்த வெளிநாட்டு கேசட்டில் அப்படித்தான் கத்துகிறார்கள். பங்க் ராக் என்று பேராம். ராஜபாளையத்தில் அந்தப் பேரைச் சொன்னால் பெட்ரோல் போடவா என்று கேட்பார்கள்.

சோலைராஜின் அப்பா பேண்டேஜ் கம்பெனி வைத்திருக்கிறார். வார நாளில் அங்கே நான் பேண்டேஜ் சுற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனி குடோனிலேயே கத்துகிறேன். பேண்டேஜுக்கான வெளுத்த காஸ் துணி வரிசை வரிசையாகத் தொங்கும். அதன் நடுவில் நின்றால் மேகத்துக்குள் நிற்பது மாதிரி இருக்கும். நான் கத்தும்போது துணி லேசாக அசைகிறது. நிஜமா, பிரமையா தெரியவில்லை. அசைகிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 11

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சாமி அண்ணாச்சியின் கேசட் கடை. போட்டுப் பார்த்தார். முதல் பாட்டு பாதி ஓடவில்லை, பக்கத்துப் பால்கோவாக் கடைக்காரர் கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, அத நிப்பாட்டுங்க. பால் திரிஞ்சிரும்போல இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அழுகை வந்தது. அண்ணாச்சி நல்லவர், கொஞ்சம் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பக்திப் பாட்டுகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில்.

ஜூன் 25

சோலைராஜின் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அவன் அம்மா கேசட்டைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வரி சொன்னாராம். அதைத் தமிழில் சொல்ல அவன் மறுக்கிறான்.

ஜூலை 16

விமர்சனம் வந்துவிட்டது! வைகுண்டராஜ் சார் எழுதியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை, மதுரையிலிருந்து வரும் ஒரு சின்னப் பத்திரிகையில் இசை பற்றி எழுதுகிறவர். சத்தியநேசன்தான் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்படி எழுதியிருக்கிறார்:

"மூன்று இளைஞர்களின் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் இசை எங்கே? பாடும் பெண் என்ன சொல்கிறார் என்று ஒரு சொல்கூட விளங்கவில்லை. மில் சங்கு இதைவிடச் சுருதி சுத்தமாக ஊதும்."

'துணிச்சல்' என்ற சொல்லை மட்டும் பலமுறை படித்தேன். மற்றதைப் படிக்காத மாதிரி இருந்து பார்த்தேன். முடியவில்லை.

எனக்கு ஊரெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஆள் போதும். முழுதாகக் கேட்டுவிட்டு, இந்த இடம் சரி, இந்த இடம் சரியில்லை என்று சொல்கிற ஒரு ஆள். அது பேராசையா?

அம்மாவிடம் பத்திரிகையைக் காட்டவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் அம்மாவால் என் பாட்டைக் கேட்க முடியாது. இருபது வருசத்துக்கு மேல் மில்லில், நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில். மிஷின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. அவள் முகத்துக்கு நேரே நின்று பேசினால்தான் அவளுக்கு விளங்கும். கேசட்டைப் போட்டபோது ஸ்பீக்கரில் கையை வைத்துப் பார்த்தாள். "ஓடுது" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6

ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றாரே வைகுண்டராஜ் சார், அதிலும் ஒரு வசதி இருக்கிறது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அம்மாவின் கதையைப் பாட்டாக்கிவிட்டேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனவள் மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். மேஸ்திரி அவள் தலையில் கழிவுப் பஞ்சைக் கொட்டி, மில் கேட்டில் நிற்க வைத்தார். ஷிப்டு விட்டுப் போன அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிறாத" என்றாள்.

கேட்டுல நின்னா எங்கம்மா
தலையில வெள்ளப் பஞ்சு
அழுது நின்னா எங்கம்மா
ஊரே பாத்துப் போச்சு

குடோனில் கத்திப் பார்த்தோம். சத்தியநேசனுக்கே வார்த்தை பிடிபடவில்லை. "என்ன சொல்லுதன்னு தெரியல, ஆனா நல்ல வேகமா இருக்கு" என்றான். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. உடம்பே லேசாகிவிட்டது எனக்கு. அந்தத் துணிகளுக்கு நடுவில் வெகுநேரம் சும்மா படுத்துக் கிடந்தேன்.

ஆகஸ்ட் 20

மலையிலிருந்து மேகம் இறங்கிக் குடோனுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதாகக் கனவு. எங்களைக் கேட்கத்தான் வந்ததாம். விழித்தபோது வெளியே தூறல்.

அக்டோபர் 9

என்ன எழுதுவது.

இன்று அம்மாவின் மில்லில் ஆயுத பூஜை. மிஷினெல்லாம் நின்று, வாழைக்கன்றும் சந்தனமுமாக, மில்லே வேறு ஊர் மாதிரி இருந்தது. மதுரையிலிருந்து வர வேண்டிய இன்னிசைக் குழுவின் வேன் வழியில் படுத்துவிட்டது. சோலைராஜின் அப்பா மேனேஜரிடம் சொல்லி, அவர்கள் வரும்வரை எங்களை மேடையேற்றிவிட்டார்.

முன்வரிசையில் ஆபீசர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள். முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். இடது பக்கம் ஸ்பின்னிங் பெண்கள், நடுவில் அம்மா. பொரி தின்றுகொண்டு சிரித்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். மூன்றாவதாக அம்மாவின் பாட்டு.

பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. ஒருத்தி பொரியைக் கீழே வைத்தாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னைக்கூட இல்லை, என் வாயை. பிறகு ஒவ்வொருத்தியாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார், மாலையும் கழுத்துமாக. அம்மா தலையில் பஞ்சைக் கொட்டிய பழைய மேஸ்திரி. யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். சத்தம் பொறுக்காமல் போகிறார் என்று ஆபீசர்கள் நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பின்னிங்கில் யார் காதால் கேட்டுப் பேசுகிறார்கள்? மிஷின் ஓடும்போது அத்தனை பேரும் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்வார்கள். சிரிப்பு, சண்டை, ஊர்க்கதை எல்லாம் அப்படித்தான். அந்த மேஸ்திரியும் அங்கே வேலை பார்த்தவர்தானே. எனக்குத் தெரியாதா? தினமும் அம்மா முகத்துக்கு நேரே நின்று பேசுகிறவள் நான். சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்னு நினைச்சேனே — சத்தத்துக்குள்ளயே இருபது வருசம் பேசுனவங்க முன்னால போய் நின்னு! ஐயோ, என்ன காரியம் செஞ்சிட்டேன்.

அம்மா எழுந்து போகவில்லை. பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 10

அம்மா சோறு வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 13

கோபமென்றால் திட்டலாம், அடிக்கலாம். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். பார்க்காவிட்டால் நான் பேசுவது எதுவும் அவளிடம் போய்ச் சேராது. முன்னால் போய் நின்றால் கண்ணை அடுப்புக்குக் கொண்டுபோகிறாள். மன்னிச்சிரும்மா என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

அக்டோபர் 15

கோயில் வாசலில் அழகுத்தாய் அத்தை பிடித்துக்கொண்டாள். அம்மாவோடு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவள். பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் விட்டுவிட்டு வந்தாள்.

"ரெண்டாவது பாட்டு இழுவை, ஏட்டி. மூணாவது அம்புட்டும் புரிஞ்சுது. அன்னைக்கு நானும் அந்தக் கேட்டு வழியாத்தான் போனேன். செத்த நேரம் நின்னு ஒரு வார்த்த கேக்கல. ஒங்கம்மா மொகத்தப் பாக்காமப் போனேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

ஆசைப்பட்டேனே, அந்த விமர்சனம் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

அக்டோபர் 22

இனி அந்தப் பாட்டு வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றான் சத்தியநேசன். வார்த்தைகளை நிதானமாகச் சொன்னேன். கிடாரைக் கீழே வைத்துவிட்டு, "நீ கத்துனது இதையா?" என்றான். சோலைராஜ் டிரம்ஸ் குச்சிகளைப் பையில் போட்டான். இன்று ஒத்திகை நடக்கவில்லை. துணிகளை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

நவம்பர் 5

காலையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து முன்னால் உட்கார்ந்தாள். என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் அழல."

"என்னம்மா?"

"பாட்டுல சொல்லுதயே, அழுது நின்னான்னு. நான் அழல. அழுவேன்னுதான் அந்த மேஸ்திரி பாத்துட்டே நின்னாரு. கடைசி வரைக்கும் அழல. அத மாத்து."

சீப்பைக் கீழே வைத்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள்.

"நான் அதப் பாடுறதயே விட்டுட்டேம்மா."

"பாடாம எப்படி மாத்துவ?"

நவம்பர் 12

அம்மா குடோனுக்கு வந்தாள். ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டு எனக்கு நேர் எதிரே, ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள். சோலைராஜ் டிரம்ஸை அடிக்கத் தொடங்கினான். அம்மா அதன் அதிர்வைக் காலால் தரையில் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினாள். "இழுக்குது" என்றாள். சத்தியநேசன் வேகத்தைக் கூட்டினான்.

பிறகு அவளுடைய பாட்டு. 'அழாம நின்னா எங்கம்மா' என்று கத்தினேன். உள்ளே இருந்ததெல்லாம் தீர்கிற மாதிரி கத்தினேன். துணிகள் அசைந்தனவா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. பாட்டு முடிந்தது. நான் வாயை மூடிவிட்டேன். அம்மா இன்னும் அடுத்த வரி வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு?" என்றாள்.