ஒபுலெட் எல்லைச் சாவடியில் கட்டப்பட்ட கைகள் குறித்து

அனுப்புநர்:
இம்மாக்குலேட் அப்போலோட்,
ஆசிரியை, அபுகெட் காதுகேளாதோர் தொடக்கப் பள்ளி,
தொரோரோ மாவட்டம், உகாண்டா.

பெறுநர்:
உயர்திரு வட்டாரக் குடிவரவு ஆணையர் அவர்கள்,
ஒபுலெட் எல்லை வட்டாரம், கென்யா.

பொருள்: 13.08.2019 அன்று ஆய்வரங்குக்குச் சென்ற என்னையும் என் மொழிபெயர்ப்பாளர் திரு. சைமன் ஒமோடிங் அவர்களையும் தங்கள் சாவடியில் தடுத்து வைத்தது – ஆள்கடத்தல் சந்தேகப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு வயதில் மூளைக் காய்ச்சலில் எனக்குச் செவி போயிற்று. எழுதப் படிக்க அதற்குப் பிறகுதான் கற்றேன். பதினேழு ஆண்டுகளாக என்னைப் போன்ற பிள்ளைகளுக்குக் கைமொழியில் பாடம் சொல்லி வருகிறேன். திரு. ஒமோடிங்குக்குச் செவி கேட்கும். அவருடைய தாய் தந்தை இருவருக்கும் கேட்காது. ஆகவே வாய் பேசத் தொடங்கும் முன்பே அவர் கை பேசத் தொடங்கியவர். மற்றவர்கள் சொல்வதை எனக்கும், நான் சொல்வதை மற்றவர்களுக்கும் பதினொரு ஆண்டுகளாக அவர்தான் கொண்டு சேர்த்தார்.

2. ஆகஸ்ட் 14 காலை பத்து மணிக்குக் கிசுமு நகரில் நடந்த காதுகேளாதோர் கல்வி ஆய்வரங்கில் கட்டுரை படிக்க நான் அழைக்கப்பட்டிருந்தேன். கைமொழியில் கற்ற பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் தாமாகவே கதை படிக்கிறார்கள். உதடு பார்த்து மட்டும் கற்றவர்கள் ஐந்தாம் வகுப்பிலும் தம் பெயரைத் தாண்டவில்லை. பத்து ஆண்டு வகுப்புக் குறிப்புகளைக் கொண்டு இதைக் காட்டுவதே என் கட்டுரை. அதைக் கேட்ட பின், சிறு வகுப்புகளுக்கு எந்த முறை வேண்டும் என்று அரங்கு முடிவெடுத்து இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பரிந்துரைப்பதாக இருந்தது. அந்த அரங்கில் செவி கேளாதவர் நான் ஒருத்திதான்.

3. முதல்நாள் காலை பதினொரு மணிக்கு, எங்கள் நாட்டுப் பக்கம் முறைப்படி அனுமதி பெற்று, அடையாள அட்டைகளுடன் தங்கள் சாவடிக்கு வந்தோம். பணியிலிருந்த அலுவலர் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. திரு. ஒமோடிங் விவரம் சொன்னார். அதன்பின் நடந்த பேச்சைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதால் உள்ளபடியே எழுதுகிறேன்.

"ஊமையா? இவளைக் கூட்டிக்கிட்டு எங்கய்யா போற? நைரோபியில ரோட்டோரம் தட்டோட உக்கார வைக்கவா?"

இதை நான் எப்படி அறிந்தேன் என்று தாங்கள் கேட்கலாம். என் எதிரில் யார் எதைச் சொன்னாலும் எனக்காக ஒரு சொல்லைக்கூடக் குறைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. ஐயா, அந்த வசவுகளை எல்லாம் எனக்குச் சொன்னவை என் நண்பரின் கைகள். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. நான் நடிக்கிறேனா என்று சோதிக்க, என் தலைக்குப் பின்னால் ஒரு தகரப் பலகையை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தரை வழியாக அதிர்வு என் பாதத்தில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன்.

"பாத்தியா, பாத்தியா! நல்லாக் கேக்குது இவளுக்கு! என்னா நடிப்பு!"

செவி கேளாதவர் காலால் அறிவார்கள் என்று திரு. ஒமோடிங் விளக்கினார். அழைப்புக் கடிதத்தையும் நீட்டினார். அலுவலர் அதை வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"இந்தம்மா மாநாட்டுல பேசப் போவுதாம்! பேச்சே வராதவ என்னய்யா பேசப் போறா?"

வரிசை முழுவதும் சிரித்தது. திரு. ஒமோடிங்கின் கைகள் என்னிடம் வந்து சேரும் முன்பே அந்த வாய்களை நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் அவர் சொன்னார். ஏற்பாட்டை மீறவில்லை.

5. பிறகு அவர் கைகளைப் பின்புறமாக வைத்து விலங்கிட்டார்கள். விலங்கு என்பது தங்களுக்கு ஒரு நடைமுறை. எனக்கோ, அந்தக் கட்டடத்தில் என்னோடு பேசக்கூடிய ஒரே வாயை அடைத்தது போல. அவர் உதடுகள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லின. எனக்கு விளங்கவில்லை. அவரை ஓர் அறைக்குள் தள்ளிக் கதவை மூடினார்கள்.

6. மறுநாள் பிற்பகல் இரண்டு நாற்பது வரை நான் வாசல் பெஞ்சில் இருந்தேன். ஒன்பது துண்டுக் காகிதங்களில் நான் யார், எங்கே போகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் காகிதத்தைப் பார்த்த அலுவலர், இதை எழுதக் கற்றுக் கொடுத்தது யார் என்று கையசைவால் கேட்டு, மூடிய அறைக் கதவைச் சுட்டினார். மற்றவற்றை அவர் பிரிக்கவில்லை. ஜெரோட்டிச் என்ற பெண் காவலர் மட்டும் தேநீரும் சப்பாத்தியும் தந்து, "பெரிய அதிகாரி நாளைக்குத்தான் வருவார், பொறுத்துக்கோங்க அக்கா" என்று என் காகிதத்தின் பின்புறம் எழுதினார். அவர் மீது எனக்குக் குறையில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பெரிய அதிகாரி வந்து, கடிதத்திலிருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசினார். மூன்று நிமிடம் ஆயிற்று. எங்களை விட்டுவிட்டார்கள்.

7. திரும்பிப் போய்விடலாம் என்றார் திரு. ஒமோடிங். நான்தான் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குக் கிசுமு சேர்ந்தபோது அரங்கில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அமைப்பாளர் முனைவர் அச்சோலா வெளியே வந்து கண் கலங்கினார்.

"பதினோரு மணி வரைக்கும் உங்க இடத்தை யாருக்கும் விடாம வச்சிருந்தேன், டீச்சர். அப்புறம் தலைவர், அவங்க வரல, வர விருப்பமில்ல போலன்னுட்டாரு. ஓட்டெடுத்துட்டாங்க."

முதல் மூன்று வகுப்புகளில் கைமொழி கூடாது, உதட்டுப் பயிற்சி மட்டுமே என்பது தீர்மானம். இதை எனக்குச் சொன்னபோது திரு. ஒமோடிங் இடக்கையை மட்டுமே பயன்படுத்தினார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. என் துக்கத்தில் அவரைக் கவனிக்கத் தவறினேன். அந்தத் தவறு தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்ததல்ல, என்னுடையது.

8. அந்தப் பரிந்துரையை எங்கள் பள்ளி நிர்வாகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வரும் பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது, சிறு வகுப்புப் பிள்ளைகள் பாட நேரத்தில் தம் உள்ளங்கைகள் மீது உட்கார வேண்டும்.

9. இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தங்கள் அலுவலர் சந்தேகப்பட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. செவி கேளாதவர்களைக் கடத்திப் பிச்சை எடுக்க வைப்பது உண்மை. 2016இல் என் மாணவி அக்கிட்டெங், பன்னிரண்டு வயது, சித்தி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணால் இதே சாவடி வழியாகக் கொண்டு போகப்பட்டாள். அன்று ஒருவரும் தகரத்தை அடித்துப் பார்க்கவில்லை. அவளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே தாங்கள் எங்களை நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் நிறுத்திய பின் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் பேனாவோடு அங்கேதான் இருந்தேன்.

10. விலங்கு இறுகியதில் திரு. ஒமோடிங்கின் வலக்கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துவிட்டன. நரம்பு நசுங்கியிருக்கிறது, திரும்புமா என்று சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர் (சான்று இணைப்பு 1). எங்கள் மொழியில் பாதிச் சொற்கள் அந்த இரு விரல்களில் இருக்கின்றன. வீட்டுக்குப் போன அன்று அவருடைய தாய், "ஏண்டா, குடிச்சிட்டு வந்தவனாட்டம் உன் கை குளறுது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவர் தாயிடமும் பேசுவதில்லை. அவர் எழுதுவது எப்போதும் இடக்கையால்தானாம்; நான் போனால் காகிதத்தில் எழுதித் தருகிறார். பதினொரு ஆண்டுகளில் அவர் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. அழகான கையெழுத்து.

11. தங்களிடம் நான் வேண்டுவன:

அ) சாவடியின் ஆள்கடத்தல் சந்தேகப் பதிவேட்டில் இன்னமும் உள்ள திரு. சைமன் ஒமோடிங்கின் பெயரை நீக்கி, அதை எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆ) நான் எழுதிக் கொடுத்த ஒன்பது காகிதங்கள் சாவடியில் இருந்தால், தாங்களே ஒருமுறை படிக்க வேண்டும்.

இ) நான் 14ஆம் தேதி தங்கள் காவலில் இருந்தேன், என் விருப்பத்தால் வராமல் இருக்கவில்லை என்று ஒரு சான்று தர வேண்டும். அதைக் காட்டித் தீர்மானத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ளும்படி அரங்கிடம் கேட்பேன். பிப்ரவரிக்கு முன் அது கிடைத்தால் என் பிள்ளைகளுக்கு உதவும்.

இம்மனுவின் மீது விசாரணைக்குத் தாங்கள் அழைத்தால், எந்த நாளிலும் வரக் காத்திருக்கிறேன். அன்று எனக்கு ஒரு கைமொழி மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே ஏற்பாடு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார்.

இடம்: அபுகெட்
நாள்: 23.09.2019

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
இம்மாக்குலேட் அப்போலோட்